அருளைப் பார்க்க மலைக்குத்தான் போக வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் ஆன்மிக இணைப்பில், இயற்கையில் இறையருளைக் காண்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நடுவில் ஒரு வரி. எண்ணூர், திருவொற்றியூர் மாதிரி புகையும் குப்பையுமான இடங்களில் இருக்கிறவர்களுக்கு அந்த அருளைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது மலைப்பக்கம் போய்வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை. எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார். எல்லாம் தெரிந்த நீங்கள் அதை அப்படியே போட்டீர்களே, அதுதான் வருத்தம்.

பட்டினத்தார் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து அடங்கிய இடம் எங்கள் திருவொற்றியூர்க் கடற்கரை என்பது உங்களுக்குத் தெரியாததா? வள்ளலார் ஏழுகிணற்றில் குடியிருந்த காலத்தில் இங்கே நடந்தே வந்து வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போவார். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததும் இந்தக் கோயில் மகிழ மரத்தடியில்தான், இன்றைக்கும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. அவர்களெல்லாம் அருளைத் தேடி வந்த ஊரில் இருந்துகொண்டு, நாங்கள் அதைத் தேடி எங்கே பஸ் ஏறுவது?

சரி, பெரியவர்களை விடுங்கள். என் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். விடியற்காலையில் போட் கரையேறி வலையை உதறும்போது, ஆதரவில்லாத கிழவிகள் சிலர் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்து ஓரமாக நிற்பார்கள். வாய் திறந்து கேட்க மாட்டார்கள். வலையிலிருந்து மீனைக் கழற்றுகிற கை, பேச்சுவாக்கில் அப்படியே திரும்பி, கவளையோ நெத்திலியோ ஒரு பிடி அள்ளி அந்தக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மறுபடி வலைக்குப் போய்விடும். போட்டவர் முகத்தைக்கூட அந்த அம்மா பார்ப்பதில்லை, செதில் ஒட்டின கிண்ணத்தை முந்தானையில் மூடிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். பெட்ரோல் காசுகூடத் தேறாத நாளிலும் அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. கடல் கொடுக்கிறது, அது யார் மூலமாக யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ போய்ச் சேருகிறது. நான் தினமும் சாமியைப் பார்ப்பது அங்கேதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்ததே, அப்போது உங்கள் பேப்பரிலும் படம் வந்தது. என் தங்கையை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வலை, போட், வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு, அலையாத்திச் செடிகள் தண்ணீர் நின்ற மட்டத்துக்குத் தார் பூசினது போல நின்றன. அப்புறம் ஒரு நாள் போயிருந்தபோது, அந்தக் கறுத்த தண்டில் நகக்கண் அளவுக்குப் பச்சையாக ஒரு தளிர். தொட்டுப் பார்த்தேன், விரலில் கறையும் ஒட்டியது. அழுதுவிட்டேன். அதற்காக எண்ணெயை விட்டவர்களை மன்னித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து யாரும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. சாமி துளிர்க்க வைப்பதை மனுஷன் மறுபடி கருக்குவது பாவம்.

புகை புகை என்கிறார்களே, நாங்கள் கேட்டா வந்தது? அனல்மின் நிலையத்துக்கு எங்கள் பக்கம், குப்பை கொட்டக் கொடுங்கையூர். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது, இப்போது மணல் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மெரினாவில் சூரியன் உதித்தால் அரைப் பக்கத்துக்குக் கலர் படம் போடுகிறீர்கள். அதே சூரியன்தான் காசிமேட்டிலும் உதிக்கிறது, ஆனால் வடசென்னை என்றால் உங்களுக்கு வெட்டுக்குத்தும் தண்ணி லாரியும்தான் செய்தி. இதைப் பற்றி முன்பே ஒரு கடிதம் போட்டேன், வெளிவரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான் எங்கள் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் திறப்பார்கள், புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். போன வருடம் மறுபடி கவசம் சாத்திய பிறகுதான் உங்கள் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. இந்த வருடம் நான்கு நாள் முன்னாலேயே, தரிசன நேரத்தோடு போடுங்கள். கட்டுரை எழுதியவரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். இருட்டோடு கிளம்பினால் போட் வருவதற்குள் கரைக்கு வந்துவிடலாம், பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். காலை டிபன் எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவொற்றியூர் குப்பம், சென்னை