தோள் வலியை முதல் வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இருந்துகொண்டு உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃப்ளூ ஊசி போட்ட அன்று ராத்திரியே எனக்கு இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. ஊசி போட்டால் ரெண்டு நாள் வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன், ஆனால் மாதம் இரண்டாகியும் தலை பின்னக் கை மேலே போகவில்லை. மருந்தில் கோளாறு இல்லை. ஊசியைக் கொஞ்சம் மேலே தள்ளிக் குத்தினால், தசைக்குள் போகவேண்டிய மருந்து தோள்மூட்டில் இருக்கும் மெல்லிய பைக்குள் இறங்கி அங்கே அழற்சி வந்துவிடுகிறதாம்.

ஊசி போட்ட பெண் மேல் கேஸ் போட எனக்கு மனசே வரவில்லை. போடவும் வேண்டாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. 1986 சட்டப்படி தடுப்பூசியால் வரும் பாதிப்புகளுக்கென்றே ஒரு இழப்பீட்டு நிதி இருக்கிறது, ஒவ்வொரு டோஸ் தடுப்பூசி மேலும் அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் என்று வாங்கும் வரியில் நடக்கிறது. இந்தத் தோள் பாதிப்பை 2017இல் அதன் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் மனு போட்டால் எதிர்த்தரப்பு ஊசி போட்டவர் இல்லை, அரசின் சுகாதாரத் துறைச் செயலர்தான். வக்கீல் ஃபீஸையும் அந்த நிதியே தனியாகக் கொடுத்துவிடுகிறது, நமக்கு வரும் தொகையில் கை வைப்பதில்லை.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ஊசி போட்டு 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் நான் தாமதமாகப் போனதால் டாக்டர் குறிப்பில் 'சில வாரங்களாகத் தோள் வலி' என்று மட்டும் இருந்தது, அரசுத் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி அக்காவுக்கு 'கையைத் தூக்கவே முடியலக்கா' என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலமும்தான் என்னைக் காப்பாற்றின. கடைசியில் சமரசத் தொகைக்கு ஒத்துக்கொண்டேன். வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பே 2,50,000 டாலர், அதில் ஒரு பகுதிதான் கிடைத்தது, ஆனாலும் இன்னும் ஒரு வருஷம் இழுக்க எனக்குத் தெம்பில்லை.

வலி தொடங்கி 3 வருஷத்துக்குள் மனு போட வேண்டும், பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். கோவிட் ஊசி என்றால் திட்டமே வேறு, ஊசி போட்டு ஒரே வருஷத்துக்குள் கேட்க வேண்டும், வேதனைக்கும் வக்கீலுக்கும் அதில் பணம் கிடையாது. இந்தக் கெடுக்களையாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகி