மெரினாவின் மீன் வீட்டைத் தேட உதவியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

சென்னை வாரத்தையொட்டி மெரினாவில் நாங்கள் ஏற்பாடு செய்த காலை நடை நல்லபடியாக நடந்து முடிந்தது. இருபது பேர் வந்தாலே போதும் என்றிருந்தோம். வெயில் ஏறுவதற்குள் உழைப்பாளர் சிலை அருகே அதைப்போல் இரண்டு மடங்கு பேர் கூடிவிட்டார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று முன்னாலேயே சொல்லியிருந்தோம். அப்படியும் வந்து, இல்லாத ஒரு கட்டடத்தின் கதையை மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் கதையை எங்கள் கையில் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வர முடியாமல் போனவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1909இல் மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். இந்தியாவிலேயே முதலாவது அது. யோசனை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனுடையது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதியவர் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றி அதற்கு வெகு முன்பே எழுதியவர் அவர். அவருக்குப் பின் அருங்காட்சியகத்துக்கு வந்த ஜே. ஆர். ஹெண்டர்சன், கிறிஸ்தவக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக இருந்தவர். நண்டு வகைகளில் தேர்ந்தவர். 1919இல் காட்சியகம் மீன்வளத் துறையின் கைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது மூடினார்கள். அப்புறம் திறக்கவே இல்லை.

இவ்வளவையும் தேதியோடு சொல்ல முடிந்ததற்கு முதல் காரணம் நூலகத்தில் பணியாற்றும் அந்த அம்மா. அருங்காட்சியகத்தின் பழைய ஆண்டறிக்கைகள் வேண்டும் என்று கேட்டு, நாங்கள் போன நாளெல்லாம் தூசு தட்டி எடுத்துத் தந்தார். பக்கம் உதிர்ந்துவிடும் என்று அவரே புரட்டிக் காட்டினார்; எங்களைத் தொடவிடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்தார். அம்மா, உங்கள் பொறுமைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

தொட்டிகளைப் பராமரித்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், கடல்மீனை ஊருக்குள் வைத்து வளர்ப்பது என்ன பாடு என்பதை எங்களுக்குப் புரியவைத்தார். கடல் தண்ணீரை இறைத்தவுடன் தொட்டியில் விட முடியாது. மணலும் சேறும் அடியில் தங்கும் வரை தேக்கிவைத்துத் தெளியவிட வேண்டும். மீனின் கழிவில் அமோனியா சேரும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் அதுவே நஞ்சு. செம்புக் குழாய் வைத்தால் இறாலும் நண்டும் செத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூவம் பெருகிக் கடலில் கலக்கும்போது கரையோரத் தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும், கலங்கலும் ஏறிவிடும். இன்று ஈசிஆரில் கண்ணாடிக் குகைக்குள் நடந்துகொண்டே சுறாவைப் பார்க்கிறோம். நூறு வருடத்துக்கு முன்னால் இதே கடற்கரையில் மீனைச் சாகாமல் வைத்திருந்த ஊழியர்களின் பெயர் எங்களுக்குக் கிடைத்த எந்தத் தாளிலும் இல்லை. ஐயா பேசி முடித்த பிறகு எனக்கு அவர்கள் நினைவாகவே இருந்தது. அவர்களுக்கும் நன்றி.

நொச்சிக்குப்பத்துப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அவருடைய தாத்தா காலத்தில் இந்தக் கரையில் இருந்தவை கட்டுமரமும் கரைவலையும்தான். மீன் படங்களை ஒவ்வொன்றாக அவர் முன் வைத்தோம். பேத்தை, அஞ்சாளை, திருக்கை என்று யோசிக்காமல் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கடல்பாம்பின் படத்தைப் பார்த்ததும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "இது வலகடியன்பா, வலையிலயே கடிச்சிக்கிட்டுத் தொங்கும்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. தர்ஸ்டன் காலத்து விலங்கியல் நூல்களில் அந்தப் பாம்பின் அறிவியல் பெயரே 'என்ஹைட்ரினா வலகடியன்' என்றுதான் இருக்கிறது. நம் கரையோரத்துச் சொல் லத்தீன் பெயருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது! பெரியவரிடம் சொன்னேன். "பின்னே, பாம்பைப் புடிச்சுக் குடுத்தது யாரு?" என்று கேட்டார். நடையன்று அவரையே மணலில் நிற்கவைத்து இதைச் சொல்லச் சொன்னோம். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கடைசியாக, திருவல்லிக்கேணியில் இருக்கும் பாட்டி. வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் சென்னைக்காரர்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். பாட்டியின் வீட்டில் இந்த மீன் காட்சியகத்துக்கு 'மீன் வீடு' என்று பெயராம். உள்ளே இருட்டாக இருக்கும், தொட்டிகளில் மட்டும் வெளிச்சம் விழும் என்றார். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாராம். எதிரே ஓர் அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததாம். தொண்ணூறு வயதில் அதை அப்படியே வாயால் செய்து காட்டினார். அது மூச்சு விடுவதுதான் என்று நான் சொன்னபோது, "அப்பாவும் அதையேதான் சொன்னார்" என்றார்.

1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்டதும் மதராஸே காலியானது. உயிர் காலேஜில் இருந்த புலி, சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். பாட்டியின் குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு கும்பகோணம் போனது. திரும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது மீன் வீடு பூட்டிக் கிடந்ததாம். அதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். எங்களுக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

காசு வாங்காமல் எல்லோருக்கும் தேநீர் தந்த கடைக்காரத் தம்பிக்கும், ஒலிபெருக்கி நின்றுபோனதும் ஓடிப்போய் பேட்டரி வாங்கி வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

பாட்டி, முகப்பு தெரிகிற அந்தப் பழைய படத்தை நீங்கள் கேட்டிருந்தீர்கள். பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்து வருகிறோம். நொச்சிக்குப்பத்துப் பெரியவரும் உங்களைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
நடையை ஏற்பாடு செய்த நண்பர்கள் சார்பில்