சுவின் பருத்தியின் இழையை அளந்து விலை வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆத்தூர் வட்டாரத்தில் பருத்தி பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். ஏலத்துக்கு வரும் பருத்தியைக் கையால் பிரித்துப் பார்த்து, நிறத்தையும் ஈரத்தையும் வைத்தே விலை சொல்லும் வழக்கம் நீடிப்பதால், நீண்ட இழை கொண்ட சுவின் ரகம் பயிரிடுவோருக்கு நேரும் இழப்பைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சுஜாதா என்ற ரகத்தையும், மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலப்பு செய்து, கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு 1974-இல் வெளியிடப்பட்டது சுவின். இரு பெயர்களின் எழுத்துகளும் சேர்ந்ததே அதன் பெயர். சாதாரணப் பருத்தியின் இழை 28 மில்லிமீட்டர் அளவில் இருக்க, சுவின் இழை ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் வரை நீள்கிறது. இழை நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால், நூலின் குறுக்குவெட்டில் அதிக இழைகள் அடங்கி ஒன்றையொன்று நெடுகப் பற்றிக்கொள்கின்றன. நூலின் மேல் பிசிறும் குறைகிறது. 100, 120 கவுண்ட் (இந்த எண் கூடக் கூட நூல் மெல்லியது) நூலை அறுபடாமல் நூற்க முடிவதும், உயர்ரகச் சட்டைத் துணியும் மென்மையான வேட்டி, சேலைகளும் அந்நூலில் நெய்யப்படுவதும் இதனால்தான்.

ஆனால் இந்தச் செடி ஏறத்தாழ ஆறு மாதம் நிலத்தில் நிற்கிறது. விதையைப் பிரித்தெடுக்கும் அரவையில் மற்ற ரகங்களைவிடப் பஞ்சு குறைவாகவே தேறும். காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் செலவும், எடுப்புக் கூலியும் தனி. இத்தனையும் தாங்கிக் கொண்டுவந்த சுவினுக்குச் சென்ற பருவத்தில் பக்கத்துக் குவியலில் கிடந்த வீரிய ஒட்டு ரகத்தைவிடச் சொற்ப விலையே கூடுதலாகக் கிடைத்தபோது, என் தந்தையார் இனி மக்காச்சோளமே போதும் என்று சொல்லிவிட்டார். அவரிடம் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

மெல்லிய நூலுக்கான பஞ்சை நம் நூற்பாலைகள் எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வாங்குகின்றன. 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இழையுள்ள பஞ்சுக்கான இறக்குமதி வரியையும் மத்திய அரசு 2024 பிப்ரவரியில் நீக்கியிருக்கிறது. ஆலைகளின் தேவையை நான் குறை சொல்லவில்லை. அதே தரத்தை இங்கே விளைவிப்பவருக்கு அளந்து விலை கொடுக்க ஏற்பாடு வேண்டும் என்றே கேட்கிறேன். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் இழை நீளமும் வலிமையும் பார்க்கும் கருவி வைத்து, அளவுச் சீட்டுடன் சுவினைத் தனிக்குவியலாக ஏலம் விட வேண்டும். பிற ரகம் கலவாத விதையை வேளாண் துறை விதைப்புக்கு முன்பே வழங்க வேண்டும். வரும் ஆடிப்பட்டத்துக்குள் இவ்விரண்டும் நடந்தால், எங்கள் நிலத்தில் ஒரு ஏக்கராவது சுவின் போடத் தந்தையாரிடம் மீண்டும் கேட்டுப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
பருத்தி விவசாயி ஒருவர்,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.