லிமுரு போட்டோ பார்த்தோம்

அன்பு மீனா,

நீ அனுப்பிய லிமுரு தேயிலைத் தோட்டப் போட்டோக்களைப் பார்த்தோம். இளைத்துவிட்டாய் என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கோ கூகி நினைவு வந்துவிட்டது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவுக்கு அதுதான் சொந்த ஊர் என்று நைரோபியில் யாரும் உனக்குச் சொல்லவில்லையா?

1952-ல் வெள்ளைக்காரர்கள் அவசரநிலை கொண்டுவந்த பிறகு, அவர் படித்த பள்ளியில் தாய்மொழியான கிகுயு பேசினால் பிரம்படி. இல்லையென்றால் 'நான் முட்டாள்' என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். பேசியவனைப் பிடிக்க ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். காலையில் ஒரு பையனிடம் பொத்தான் ஒன்றைக் கொடுப்பார்கள். கிகுயு பேசி மாட்டுகிறவன் கையில் அவன் அதைத் தள்ளிவிட வேண்டும், வாங்கியவன் அடுத்து மாட்டுகிறவனிடம். சாயங்காலம் பொத்தான் யாரிடம் இருக்கிறதோ அவனிடம் 'யார் கொடுத்தது?' என்று தொடங்கினால் மொத்தப் பேரும் சிக்குவார்கள். உன் பள்ளியில் தமிழ் பேசியதற்கு அபராதம் கேட்டபோது நான் மறுபேச்சில்லாமல் கட்டினேனே, அது இப்போது உறுத்துகிறது.

சரி, அதை விடு. கூகி ஆங்கிலத்தில் எழுதித்தான் பெயர் வாங்கினார். 1977 ஜூலையில் வந்த ஆங்கில நாவலில் விடுதலைக்குப் பின் கொழுத்தவர்களைக் கிழித்திருந்தார். வெளியீட்டு விழாவுக்கு அமைச்சரே வந்தார்! அக்டோபரில் லிமுருவை ஒட்டிய கமிரிது கிராமத்துத் தொழிலாளர்களையும் விவசாயிகளையும் நடிக்கவைத்து ஒரு கிகுயு நாடகம் போட்டார். ஒத்திகையிலேயே ஊர்ப் பெரியவர்கள், 'கிழவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள்' என்று வசனத்தைத் திருத்தினார்களாம். ஆறே வாரத்தில் தடை. டிசம்பர் கடைசியில் கைது. விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் சிறை. ஆங்கிலத்தில் திட்டியது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்திருக்கிறது, பார்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி கடைசிவரை ஆங்கிலத்தை விடவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். தன் தாய்மொழியான இக்போவின் பழமொழிகளை அதற்குள் உட்காரவைத்தவர் அவர். கூகியால் அப்புறம் அப்படி முடியவில்லை. சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கிகுயுவிலேயே நாவல் எழுதினார். கைதிகளை வதைக்கக் கொடுத்த முரட்டுத் தாள், பேனாவுக்கு வாகாகப் போனதாம். நம் அலமாரியில் இருக்கிறதே 'சிலுவையில் தொங்கும் சாத்தான்', அதுதான்.

1980-ல் அது வெளிவந்தபோது மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். சுவாரசியமான இடத்தில் ஆள் நிறுத்திவிடுவார். கிளாஸ் நிரம்பினால்தான் அடுத்த பக்கம்.

அந்த நாடகத்துக்காகக் கமிரிது கிராமத்தார் தங்கள் கையால் கட்டிய திறந்தவெளி அரங்கை 1982-ல் அரசு இடித்துவிட்டது. அடுத்த முறை லிமுரு போனால், அது எங்கே இருந்தது என்று யாரையாவது கேட்டுப் பார். எனக்கு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா