லிக்கர் என்று எழுதியிருந்த அந்தச் சாக்லேட்

மைன்ஸ், ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மா முழங்கால் வலி குறைந்து தோப்பு வரைக்கும் நடந்து வருகிறார்கள் என்று படித்ததில் மனசுக்கு நிம்மதி. கவின் கணக்குக்கு டியூஷன் வேண்டாம் என்கிறான் என்றால் விட்டுவிடு, அவன் தானாகப் படிக்கிற பையன். கோகோ விலையைப் பற்றி எழுதியிருந்தாய். 2024 கடைசியில் நியூயார்க் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டிய அன்றைக்கு நீ போனில் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது தென்னைக்கு நடுவே கன்று வைக்க ஓடியவர்கள் இப்போது வெட்டிவிடலாமா என்று உன்னிடம் யோசனை கேட்கிறார்களாம். நீ வெட்டாதே, அவ்வளவுதான் சொல்வேன். இங்கே ரேவதிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, சின்னவள் சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டாள்.

சரி, நான் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். நியூஜெர்சியிலிருந்து மச்சான் கொண்டுவந்த சாக்லேட்டின் உறையில் 'சாக்லேட் லிக்கர்' என்று போட்டிருந்ததை மல்லிகா படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அதைப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டு உன்னை ஒரு பார்வை பார்த்தாள் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேயே, இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பரில் நான் கொடுத்தனுப்பிய பெட்டியிலிருந்து ஒன்றை வாயில் போட்டுக் கடித்ததும் பிராந்தி மூக்கில் ஏறியதையும், தோட்டத்துப் பக்கம் ஓடித் துப்பியதையும், அன்று இரவு முழுக்கத் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததையும், மல்லிகாவும் கூடவே உட்கார்ந்திருந்ததையும் எழுதியிருந்தாய். இரண்டு வருஷமாக என்னிடம் சொல்லவில்லையே குமரேசா. நான் வருத்தப்படுவேன் என்று மறைத்திருக்கிறாய். நீ குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. என் கையால் போன பெட்டி. என்னை மன்னித்துவிடு. மல்லிகாவிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல், ஜனவரியில் வரும்போது நேரிலும் கேட்கிறேன்.

முதலில் பரண்மேல் இருப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதை மல்லிகாவுக்கு வாசித்துக் காட்டு. அதில் சாராயம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. சாக்லேட் லிக்கர் என்பது வறுத்துத் தோல் நீக்கிய கோகோப் பருப்பை அரைத்த விழுது, வேறொன்றும் இல்லை. அமெரிக்காவின் உணவு விதிகளிலேயே அதற்கு அந்தப் பெயர்தான், நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு கோகோக் கொழுப்பு இருக்க வேண்டும் என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். இதே பொருளை ஐரோப்பாவில் கோகோ மாஸ் என்று அச்சிடுகிறார்கள். மச்சான் அமெரிக்காவுக்குப் பதில் லண்டனிலிருந்து வந்திருந்தால் மல்லிகா பயந்திருக்கவே மாட்டாள்.

இந்தப் பெயர் எதனால் என்று உனக்குச் சொல்லவே வேண்டாம். நாம் காலேஜ் படிக்கும்போது வால்பாறையில் உன் சித்தப்பா வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரிக்குப் போனோமே, வரிசையாக வெள்ளைக் கிண்ணம் வைத்து டீத்தூளில் வெந்நீர் ஊற்றி, ஒரு வாய் உறிஞ்சிக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே போனாரே ஒருவர், அவர் 'லிக்கர் நல்லா இறங்கியிருக்கு' என்று சொன்னதைக் கேட்டு நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த லிக்கர்தான் இது. லத்தீனில் அந்தச் சொல்லுக்குத் திரவம் என்றுதான் பொருள். டீக்காரர்களும் கோகோக்காரர்களும் பழைய பொருளிலேயே வைத்துக்கொண்டார்கள், மற்ற இடங்களில் அது மதுவுக்கென்றே ஆகிவிட்டது.

அது எப்படித் திரவமாகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். போன மாதம் இங்கே ஒரு சின்னப் பட்டறைக்குப் போயிருந்தோம், கணவனும் மனைவியுமாகச் சாக்லேட் செய்கிறார்கள். உள்ளே போனதும் எனக்கு அடையாளம் தெரிந்த முதல் பொருள் கிரைண்டர். நம் கோயமுத்தூர் கிரைண்டரேதான், உருளைக் கல் இரண்டு, அடியில் கல், இட்லிக்கு அரைக்கிற அதே அமைப்பு, மோட்டாரையும் மூடியையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். உலகம் முழுக்கச் சின்ன அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் நிறையப் பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்களாம். வறுத்து உடைத்த பருப்பை ஒவ்வொரு கைப்பிடியாக அந்த அம்மா போட்டார். முதலில் காப்பித்தூள் மாதிரி உதிரியாகச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் எள்ளுருண்டைக்கு இடித்த மாதிரி கல்லில் அப்பிக்கொண்டது. அப்புறம் தண்ணீர், எண்ணெய் எதுவும் ஊற்றாமலே இளகி, ஒரு மணி நேரத்தில் தோசை மாவு போல மடிந்து மடிந்து ஓட ஆரம்பித்தது. கல் உரசுகிற சூட்டில் பருப்புக்குள் இருக்கிற கொழுப்பு உருகுவதுதான், கோகோக் கொழுப்பு 34 டிகிரிக்கே உருகிவிடும். கரண்டியில் எடுத்து ஆளுக்கு ஒரு சொட்டு கொடுத்தார். கசப்பு, புளிப்பு, கடைசியில் நாக்கில் ஏதோ பழ வாசம். அதுதான் சாக்லேட் லிக்கர். சர்க்கரை சேர்த்து இன்னும் நாள் கணக்கில் ஓடவிட்டால் கறுப்புச் சாக்லேட்.

சாராயம் இருந்தது என்றால் அது உன் தோப்பிலேயே இருந்து போனதுதான். காயை உடைத்துச் சதையோடு விதையைப் பெட்டியில் கொட்டி வாழையிலை போட்டு மூடுகிறாயே, இரண்டாம் நாள் கிட்டப் போனால் கள்ளு வாசம் அடிக்கும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். சதையில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹால் ஆக்குகிற நாள் அது. நீ கிளறிவிட்டதும் காற்று உள்ளே போகிறது, வேறு நுண்ணுயிர்கள் வந்து அந்த ஆல்கஹாலை வினிகர் ஆக்குகின்றன, குவியல் 50 டிகிரிக்குக் கிட்டச் சூடாகிறது, அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை முளைக்கிற சக்தியை இழக்கிறது, அதிலிருந்துதான் சாக்லேட் ருசிக்கு வழி பிறக்கிறது. பிறகு வெயிலில் காய்ந்து, 120 டிகிரிக்கு மேல் வறுபட்டு வருகிற பருப்பில் எந்தச் சாராயம் மிஞ்சும்? மல்லிகா தினமும் அந்தப் பெட்டியைக் கிளறுகிறவள்தானே, இதைச் சொன்னால் அவளுக்கே புரிந்துவிடும்.

இப்போது நான் அனுப்பிய பெட்டிக்கு வருகிறேன். அது வேறு சமாசாரம், அதில் இருந்தது அசல் பிராந்தி. ரயில் நிலையக் கடையில் அவசரத்தில் வாங்கிய கலப்புப் பெட்டி, பின்பக்கம் பொடி எழுத்தில் ஜெர்மனில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. படித்திருந்தால் 'வைன்பிராண்ட்' என்ற சொல் கண்ணில் பட்டிருக்கும். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தச் சாக்லேட்டைப் பற்றித் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன், அதையும் சொல்கிறேன்.

வைன்பிராண்ட் என்பது திராட்சை மதுவை வடித்தெடுக்கிற பிராந்திக்கு ஜெர்மனியில் உள்ள பெயர். எங்கள் ஊரிலிருந்து ரைன் ஆற்றோடு முக்கால் மணி நேரம் ரயிலில் போனால் ரூடெஸ்ஹைம் என்றொரு சிற்றூர், அங்கே ஹூகோ ஆஸ்பாக் என்பவர் 1892-ல் தொடங்கிய மதுவாலை அந்தச் சொல்லோடு சேர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு 1919-ல் வெர்சாய் ஒப்பந்தம் வந்தது, பிராந்திக்குக் கோனியாக் என்ற பெயரைப் பிரெஞ்சுக்காரர்களைத் தவிர யாரும் போடக்கூடாது என்றாகிவிட்டது, இவர் முன்பே புழங்கவிட்ட வைன்பிராண்ட் என்ற சொல் நிலைத்துவிட்டது. 1924-ல் அதே பிராந்தியை உள்ளே அடைத்த சாக்லேட்டைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் நாலு பேர் பார்க்கப் பிராந்தி குடிப்பது அழகல்ல என்று இங்கேயும் இருந்திருக்கிறது, அவர்களுக்காகத்தான் இப்படிச் செய்தார்கள் என்று சொல்வார்கள். வெளியே பார்த்தால் மிட்டாய். இதைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, பெட்டியைத் திறந்தபோது உனக்கும் அது மிட்டாயாகத்தானே தெரிந்திருக்கும்.

திரவம் எப்படி உள்ளே நிற்கிறது என்று கேட்டிருந்தாய். அந்தப் பட்டறை அம்மா இதற்கும் விளக்கம் சொன்னார். தட்டில் நன்றாகக் காய்ந்த மாவை, நம் மரவள்ளி மாவு மாதிரி ஸ்டார்ச், நிரப்பிச் சமன்செய்து குழிக் குழியாக அச்சு பதிப்பார்கள். சர்க்கரைப் பாகைக் காய்ச்சி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு மதுவை ஊற்றி, கரண்டி போட்டுக் கிண்டாமல், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக மாற்றிக் கலப்பார்கள், கிண்டினால் அங்கேயே பூத்துப் போய்விடும். அதைக் குழிகளில் வார்த்து மேலேயும் மாவைச் சலித்துத் தூவி வைத்தால் சில மணி நேரத்தில் ஓரத்துச் சர்க்கரை மட்டும் உறைந்து கற்கண்டு போல மெல்லிய ஓடாகிறது. நடுவில் திரவம் திரவமாகவே இருக்கும். ஓடு எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் வர ஒருமுறை புரட்டிப் போட்டு, மறுநாள் மாவைத் தட்டிவிட்டுச் சாக்லேட்டில் முக்குகிறார்கள். நீ கடித்தபோது பல்லில் நறுக்கென்று உடைந்ததாக எழுதியிருந்தாயே, அது அந்தச் சர்க்கரை ஓடுதான். அந்த அம்மாவின் கை வேலையைப் பார்த்து எனக்கு உண்மையில் மரியாதை வந்தது, அதை மறைக்க மாட்டேன். குடிக்கிற பழக்கத்தோடு எந்தச் சண்டையும் இல்லாதவர்களுக்கு அது நல்ல தின்பண்டம்.

அளவு என்று பார்த்தால் குறைவுதான். இங்கிலாந்தில் 2003-ம் வருஷச் சட்டப்படி ஒரு கிலோவில் மது 200 மில்லிக்கு மேல் போனால் அதை மிட்டாயாக இல்லாமல் மதுவாகவே கணக்கிடுவார்கள், அப்படியானால் மிட்டாய் என்று விற்கிற பத்து கிராம் துண்டில் அதிகபட்சம் 2 மில்லி. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்றுகூட அந்தச் சட்டத்தில் இருந்தது, 2015-ல் எடுத்துவிட்டார்கள். 2 மில்லியில் என்ன ஆகும் என்று இங்கே ஒரு நண்பர் சாதாரணமாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. உன் விஷயத்தில் மில்லிக் கணக்கு எதற்கு? அந்த வாசமும் தொண்டையில் இறங்குகிற அந்தச் சூடும் போதாதா? அன்று இரவு உன்னைத் திண்ணையில் உட்கார வைத்தது அதுதானே. நீ துப்பினாய், விடியும் வரை உட்கார்ந்திருந்தாய், மறுநாளும் தோப்புக்குப் போனாய். எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, இதை நேரில் என்னால் சொல்ல முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

இனிமேல் உறையைப் பார்க்கும்போது ஒரு அடையாளம் வைத்துக்கொள். ஆங்கிலத்தில் கியூ, யூ எழுத்துக்குப் பிறகு ஓ, ஆர் என்று முடிந்து முன்னால் சாக்லேட் அல்லது கோகோ என்று இருந்தால் அது அரைத்த விழுது, தாராளமாகச் சாப்பிடலாம். ஈ, யூ, ஆர் என்று முடிந்தால் அது லிக்யூர், இனிப்பு மது, அதற்கு முன்னால் சாக்லேட் என்றே போட்டிருந்தாலும் தொடாதே. ரம், பிராந்தி, விஸ்கி, கிர்ஷ் என்று எது இருந்தாலும் அப்படித்தான். முழு செர்ரி உள்ளே இருக்கிறது என்றால் இன்னும் கவனம், இந்த ஊரில் விற்கிற மோன் ஷேரி போன்றவற்றில் செர்ரி மதுவில்தான் மிதக்கும். ஊட்டியில் வீட்டுச் சாக்லேட் என்று விற்கிறார்களே, அதில் ரம் திராட்சை என்று போட்டிருப்பது சில கடையில் வெறும் எசென்ஸ், சில கடையில் திராட்சையை ரம்மிலேயே ஊறப் போட்டிருக்கலாம், கேட்காமல் வாங்காதே. கவினுக்கும் இதைச் சொல்லி வை.

ஜனவரி இரண்டாவது வாரம் கோட்டூர் வருகிறேன், பத்து நாள் இருப்பேன். இந்தத் தடவை பெட்டி எதுவும் கொண்டு வரவில்லை. நீ இரண்டு கிலோ கோகோவை வறுத்து வை, தோலை மல்லிகா முறத்தில் புடைத்துவிடுவாள். உங்கள் பழைய கிரைண்டரை நன்றாகத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காய வைத்துவிடச் சொல், ஈரம் துளிகூட இருக்கக்கூடாது, உளுந்து வாசமும் போக வேண்டும். அவள் கண் முன்னாலேயே அரைப்போம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்
சேகர்