தவணைக் கடிதம், அதோட கொஞ்சம் வயித்து வலி விஷயம்

அம்மா அப்பா, பாட்டி தாத்தா, பிள்ளைங்கள ஏத்த இறக்க வர்ற வேன் அண்ணன் எல்லாருக்கும் வணக்கம்.

தவணை முடியப் போவுது, அதான் வழக்கமான லெட்டர். குறுக்கோட்டம் மழையிலயும் நல்லபடியா முடிஞ்சுது. திருக்குறள் மனனப் போட்டியில மாவட்ட அளவுல நம்ம பிள்ளைங்க பேரு வாங்கிட்டாங்க, செஸ்லயும் ஒரு கோப்பை வந்துருக்கு. கோத்தோங் ரோயோங் துப்புரவு வேலைக்கு வந்து செம்பனை ஓரம் வரைக்கும் புல்லு வெட்டிக் குடுத்த அப்பாமாருங்களுக்கு நன்றி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் போட்டுக் குடுத்த ஃபேன் ரெண்டும் நல்லா சுத்துது. ஆசிரியருங்க எல்லாரும் கடுமையா உழைச்சாங்க. சரி, இது போதும், எழுத வந்த விஷயம் வேற.

"டீச்சர், வயிறு வலிக்குது"ன்னு ஆபீஸுக்கு வர்ற பிள்ளைங்கள நம்ம ஆபீஸ் கிளார்க் கிராணி ஒரு சின்ன 555 நோட்டுப் புத்தகத்துல எழுதி வைக்கிறாங்க. தேதி, மணி, பேரு, என்ன சாப்பிட்டான், அவ்வளவுதான். போன வாரம் உக்காந்து புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் ஒண்ணாம் ஆண்டு, ரெண்டாம் ஆண்டுப் பிள்ளைங்க, திங்கக்கிழமைதான் கூட்டம், அதுவும் காலையில சபை கூடல் முடிஞ்ச கையோட, ரெஹாட் இடைவேளைக்கு முன்னாடி. இதைப் பார்த்த பிறகாவது கேண்டின் அக்காவ வாட்சப் குரூப்புல திட்டுறத நிறுத்துங்க, கேண்டின்ல ஒரு வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே வர்ற வலிக்கு அவங்க மொளகா சம்பல் என்ன பண்ணும்?

ஒரு பையனப் பத்தி சொல்றேன், அவங்க அம்மாகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். ஆண்டு ஒண்ணு. வாரத்துல ரெண்டு நாளாவது வருவான், அழ மாட்டான், கத்த மாட்டான், வாசல்ல வந்து நிப்பான், முகம் வெளுத்துருக்கும். எங்கடா வலிக்குதுன்னா விரல நீட்ட மாட்டான், உள்ளங்கைய அப்படியே தொப்புள் மேல வச்சு மூடிக்குவான். மூணு தடவை கிளினிக் போயாச்சு, ரத்தம், மூத்திரம், ஸ்கேன், எல்லாம் நார்மல். நார்மல்னு சொன்ன அன்னைக்குதான் வீட்டுல பிரச்சனையே ஆரம்பிச்சுது, ஏன்னா அப்பா "அப்ப நீ நடிக்கிற"ன்னுட்டாரு, பாட்டி கண்ணு பட்டுச்சுன்னு மொளகா சுத்திப் போட்டாங்க, அம்மா ராத்திரி பூரா தூங்காம கூகுள் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பையனுக்கு வலி போகல.

நானும் முதல்ல நடிப்புன்னுதான் நெனச்சேன். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பாத்தவளுக்கு அந்த சந்தேகம் சீக்கிரம் வந்துருது, அது பெருமைப்படுற விஷயம் இல்ல.

டாக்டருங்க சொல்றது இதுதான்: டெஸ்ட் நார்மல்னா வலி பொய்னு அர்த்தம் இல்ல. குடலுக்குன்னு தனியா ஒரு நரம்புக் கூட்டம் இருக்கு, அது மூளையோட எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கும், சில பிள்ளைங்களுக்கு அந்த லைன் ரொம்ப சத்தமா வேலை செய்யுது, சாதாரணமா குடல் அசையுறது, காத்து நகர்றது கூட அவங்களுக்கு வலியா தெரியும். ஒரு தடவை வாந்திபேதி வந்து போன பிறகு இப்படி ஆகலாம், கவலையினாலயும் ஆகலாம். பயம் வந்தா வயித்துல புளியக் கரைக்குதுன்னு நம்ம பெரியவங்க எப்பவோ சொல்லி வச்சுட்டாங்க, பிள்ளைக்கும் அதே வயிறுதான். இது புதுசும் இல்ல. ஜான் ஆப்லின்னு ஒரு பிரிட்டிஷ் குழந்தை டாக்டர் 1958லயே ஆயிரம் பள்ளிப் பிள்ளைங்கள வச்சு கணக்கெடுத்தாரு, பத்துல ஒரு பிள்ளைக்கு இந்த மாதிரி திரும்பத் திரும்ப வலி இருந்துச்சு. மூணு மாசத்துல மூணு தடவையாவது வந்து, விளையாட்டு படிப்பையெல்லாம் கெடுக்குற வலிதான் அவரு கணக்கு. பத்துல ஒண்ணுன்னா நம்ம ஒவ்வொரு கிளாஸுலயும் ரெண்டு மூணு பேரு இருப்பாங்க.

அந்தப் பையன் கதைக்கு வர்றேன். கிராணி ஒரு நாள் சும்மா கேட்டாங்க, "தம்பி, ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?" அவன் தலைய ஆட்டிட்டான், போகவே மாட்டானாம். ஏன்டான்னா, "தாப்பா இல்ல டீச்சர், அண்ணனுங்க கதவ தள்ளுவாங்க." நான் போயி பார்த்தேன். சின்னப் பையனுங்க பாத்ரூம்ல நடுக் கதவுக்கு தாழ்ப்பாள் உடைஞ்சு, ஆணி அடிச்ச ஓட்டை மட்டும் இருக்கு, யாரோ அதுல டிஷ்யூவ சுருட்டி அடைச்சு வச்சுருந்தாங்க, வெளியேருந்து எட்டிப் பாக்கக் கூடாதுன்னு. அந்தப் பக்கம் தினம் நாலு தடவை நடக்குறவ நான். இது எங்க தப்பு, மன்னிச்சுருங்க. ஏழு வயசுப் பிள்ளை காலையில ஏழரையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அடக்குனா, வீட்டுக்குப் போனதும் விளையாட ஓடிட்டா, குடல்ல போயி கெட்டியாகி அடைச்சுக்கும். தினமும் போறானே, அப்ப மலச்சிக்கல் இல்லன்னு நெனைக்காதீங்க, கொஞ்சமா போயிட்டு மிச்சம் உள்ளயே தங்குற பிள்ளைங்க நெறைய.

அதனால வீட்டுல இதை செய்ங்க. சாப்பிட்டு முடிச்சா குடல் தானா அசையும், அந்த நேரம் பாத்து பிள்ளைய அஞ்சு பத்து நிமிஷம் உக்கார வைங்க, போன் குடுக்காம. உக்கார்ற பாத்ரூம்னா கால் அந்தரத்துல தொங்கக் கூடாது, பழைய பெயிண்ட் டப்பாவோ ஸ்டூலோ கீழ போடுங்க. தண்ணி, பப்பாளி, கீரை. காலையில வெறும் மிலோவ மட்டும் ஊத்திட்டு அனுப்பாதீங்க. பால் குடிச்சா வயிறு உப்பி வலி வருதான்னு பாருங்க, நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு வளர வளர பால் செரிக்காது, அப்படி இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி ரெண்டு வாரம் நிறுத்திப் பாக்கலாம். பூச்சி மருந்தும் கிளினிக்ல கேளுங்க. லீவு நாள்ல பாட்டி குடுக்குற விளக்கெண்ணெயப் பத்தி நான் வாயத் திறக்கல, எனக்கும் மூக்கப் புடிச்சு ஊத்துனவங்கதான், ஆனா வலிச்சுக்கிட்டு இருக்குற வயித்துக்கு அதைக் குடுக்காதீங்க, உள்ள குடல்வால் வீங்கியிருந்தா ஆபத்து.

சில வலிக்கு காத்திருக்கவே கூடாது. தொப்புள்ல ஆரம்பிச்சு வலது பக்கம் அடிவயித்துக்கு இறங்குற வலி, நிமிந்து நடக்க முடியாம குனிஞ்சு நடக்குறது, பச்சையா வாந்தி, மலத்துல ரத்தம், இதெல்லாம் பார்த்தா எஸ்டேட் மேஸ்திரி மண்டோர்கிட்ட லீவு கேட்டுக்கிட்டு நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, வண்டி இல்லன்னா 999. விடாத காய்ச்சல், தூக்கத்துலேர்ந்து எழுப்புற வலி, எடை குறையுறது, ஒண்ணுக்குப் போனா எரிச்சல், இதுக்கும் நாள் கடத்தாம டாக்டரப் பாருங்க. தொப்புள விட்டு வலி எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு கவனமா பாக்கணும்னு அந்த ஆப்லி டாக்டரே சொல்லியிருக்காரு.

இப்ப கொஞ்சம் கறாரா பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. போன மாசம் ஒரு பிள்ளை காய்ச்சலோட வாந்தி எடுத்துச்சு, குடுத்திருந்த மூணு நம்பருக்கும் அடிச்சோம், ஒண்ணு ஆஃப், ஒண்ணு யாரோ ஒரு சீன முதலாளி தவுக்கே எடுத்தாரு, ஒண்ணு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் அந்தப் பிள்ளை என் ரூம்ல பெஞ்சுல படுத்துருந்துச்சு. வேலை நேரத்துல போன் எடுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும், ஆனா எடுக்கக்கூடிய ஒரு ஆளு நம்பராவது குடுக்கணும், இது கெஞ்சல் இல்ல. ரெண்டாவது, பிள்ளை பையில மாத்திரைய போட்டு "டீச்சர்கிட்ட கேட்டு சாப்பிடு"ன்னு அனுப்பாதீங்க, ஆறு வயசுப் பிள்ளை அதை ஃப்ரெண்டுக்கும் பங்கு வைக்குது, பாத்துட்டேன். கிளினிக் லெட்டரோட ஆபீஸ்ல குடுங்க, இல்லன்னா வாங்க மாட்டோம். மூணாவது, பிள்ளைய மத்தவங்க முன்னாடி நடிகன், சோம்பேறின்னு சொல்றத என் காதுல விழ விடாதீங்க.

அதுக்காக வலின்னதும் வீட்டுக்கு கூட்டிட்டுப் போறதும் சரி இல்ல. வீட்டுல கட்டில், கார்ட்டூன், மேகி, அம்மா பக்கத்துல, அப்புறம் எந்தப் பிள்ளை திங்கக்கிழமை ஸ்கூல் வரும்? காலையில "வலிக்குதா, வலிக்குதா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, கேக்கக் கேக்க வயித்து மேலயே நெனப்பு இருக்கும். அவனா சொன்னா, "வலிக்குதுன்னு தெரியுது, கொஞ்ச நேரத்துல குறையும்"னு சொல்லிட்டு சுடுதண்ணி பை குடுத்து வேற வேலையில இழுங்க. நாங்களும் இங்க அதேதான் செய்யப் போறோம், சிக் ரூம்ல பதினஞ்சு நிமிஷம் படுக்கலாம், காய்ச்சல் வாந்தி இல்லன்னா திரும்ப கிளாஸு. வீட்டுல புது பாப்பா, அப்பா வேற எஸ்டேட் மாறுனது, சண்டை சச்சரவு, எதுவா இருந்தாலும் கிளாஸ் டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வைங்க, அது எங்களைத் தாண்டிப் போகாது.

தாழ்ப்பாள் போட்டாச்சு, மூணு கதவுக்கும். போட்டுக் குடுத்த சங்கத் தலைவருக்கும், ஞாயித்துக்கிழமை டிரில்ல தூக்கிட்டு வந்த அப்பாவுக்கும் ரொம்ப நன்றி. அவ்வளவு திட்டு வாங்கியும் ரெஹாட்ல பப்பாளி வெட்டி வைக்கிறேன்னு சொன்ன கேண்டின் அக்காவுக்கும் நன்றி. அஞ்சு மணிக்கே எழுந்து சமைச்சு, பிள்ளைய மோட்டார்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ஏத்திக்கிட்டு வர்ற அம்மாங்களத் தினமும் கேட்டுல நின்னு பாக்குறேன், அதை மறந்துட்டு இந்த லெட்டர் எழுதல. அந்தப் பையன் இன்னும் ஒண்ணு ரெண்டு திங்கக்கிழமை வர்றான், ஆனா போன வாரம் வந்தது வலிக்கு இல்ல, புது தாழ்ப்பாள் கொஞ்சம் டைட்டா இருக்கு, ஆண்டு ஒண்ணு பிள்ளைங்களுக்கு கை எட்டலன்னு புகார் சொல்ல.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு: நம்பர் மாறுனவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள கிராணிகிட்ட எழுதிக் குடுங்க. தாழ்ப்பாள இந்த வாரம் கீழ இறக்கிப் போடுறோம்.