குசினிச் சிக்கனம் எழுதிவைக்கப்பட வேண்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

2024ஆம் ஆண்டின் முடிவில் தேங்காய் ஒன்று 200 ரூபாய்க்கு மேல் விற்கத் தொடங்கியபோது, எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் முதலில் நின்றுபோனது இடியப்பத்துக்கான தேங்காய்ப்பாற் சொதிதான். அயலில் விசாரித்தபோது எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஒரு தேங்காய் ஒரு வேளைக்குத்தான் காணும், ஆகவே கட்டாது. ஏழு பேருக்குச் சமைத்த என் தாயாரின் கையில் ஒரு தேங்காய் காலையில் தொடங்கி இரவுவரை நின்று பிடித்ததைக் கண்டு வளர்ந்தவள் என்ற வகையில், அந்தப் பதில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அன்றைய தேங்காயும் இதே அளவுதான். அதைக் கையாளும் பழக்கம் எங்கள் தலைமுறையோடு நின்றுவிட்டது என்றே எனக்குப் படுகிறது. அந்தப் பழக்கத்தை எழுத்தில் பதிந்து வைக்கும் வேலைக்குத் தங்கள் பத்திரிகை இடம் தர வேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அம்மாவின் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தேங்காயை உடைக்கும்போது நீரைக் கிண்ணத்தில் ஏந்திக்கொள்வார். அப்பத்துக்கு மா கரைத்து வைத்த நாளாயின் அது மாவுக்குள் போகும், அல்லாத நாளில் அருகில் நிற்கும் பிள்ளையின் வாய்க்குள் போகும். கண் உள்ள பாதி முந்திப் பழுதாகும் என்று சொல்லி அதையே முதலில் திருவுவார். மற்றப் பாதியின் உட்புறத்தில் உப்பைத் தடவிக் கவிழ்த்து வைப்பார். திருவிய தேங்காய்ப்பூவுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் அரைக் கோப்பைக்கு மேல் விடமாட்டார், தண்ணீர் கூடினால் முதற்பால் தடிப்பாக வராது என்பார். அந்த முதற்பாலை மூடித் தனியே வைத்துவிட்டு, அதே பூவை இன்னும் இரண்டு முறை பிழிந்து, அந்தக் கப்பிப்பாலிலேயே வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், காய்கறி எல்லாவற்றையும் அவியவிடுவார். காய் நன்றாக வெந்த பிறகுதான் முதற்பால் சட்டிக்குள் இறங்கும். ஒரு கொதி கண்டதும் அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் தேசிக்காய்ப் புளி விடுவார். இப்படிச் செய்தால் பால் திரைவதில்லை. குறைந்த பாலிலும் கறி கொழுப்பாக இருக்கும்.

பிழிந்து முடிந்த பூவும் குப்பைக்குப் போனதில்லை. வெறுஞ்சட்டியில் ஈரம் போக வறுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து உரலில் இடித்தால் இரவுப் பிட்டுக்குச் சம்பல் ஆயிற்று. அல்லாவிட்டால் அடுத்த நாள் கீரை வறைக்குள் கலந்துவிடும். சிரட்டை அடுப்புக்கும் ஸ்திரிக்கைப் பெட்டிக் கரிக்கும், பொச்சு எனப்படும் மட்டை நார் சாம்பலோடு சட்டி தேய்க்கவும் போகும். சென்ற மாதம் நான் மூன்றாம் பால் பிழிந்துகொண்டிருந்ததைப் பார்த்த என் பேத்தி, “அம்மம்மா, இதை இன்னும் ஏன் பிழியிறியள்? எறியுங்கோவன்” என்றாள். அவளில் பிழையில்லை. பெட்டியில் வரும் தேங்காய்ப் பால்மாவைத் தண்ணீரில் கரைப்பதை மட்டுமே கண்ட பிள்ளைக்கு, பாலுக்குள் முதல், இரண்டு, மூன்று என்ற வரிசை இருப்பது எப்படித் தெரியும்?

சோற்றிலும் இதே கணக்குத்தான். மிஞ்சிய சோற்றை ஆறவிட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு மூடி வைத்து, விடியற்காலையில் வடித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, தயிரோ முதல் நாள் மீன்குழம்போ விட்டுக் குழைத்து, சுற்றியிருந்து நீட்டிய உள்ளங்கைகளில் அம்மா ஒவ்வோர் உருண்டையாக வைப்பார். கடைசி உருண்டைக்கு நாங்கள் சண்டை பிடித்திருக்கிறோம். இந்த உணவைப் பலர் ஏழ்மையின் அடையாளமாக எண்ணி ஒளிக்கிறார்கள். விருந்தினர் வந்த வீட்டில் காலையில் பழஞ்சோறு இருந்ததைச் சொல்லக் கூசுகிறார்கள். ஆனால் அதன் பின்னால் நுட்பமான திட்டம் ஒன்று இருந்தது. பழப்புளி விட்டு வற்றவைத்த குழம்பு மறுநாளும் நிற்கும், ருசியும் கூடும். தேங்காய்ப்பால் விட்ட சொதியும் பால்கறியும் எங்கள் வெயிலில் இரவைத் தாங்காது. ஆகவே பால் விட்டவற்றை அளவாகச் சமைத்து மத்தியானத்தோடே முடித்துவிடுவார். குழம்பை மட்டுமே மறுநாளையும் எண்ணிக் கூட்டி வைப்பார். எது மிஞ்சலாம், எது மிஞ்சக்கூடாது என்பது அடுப்பு மூட்டுவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். இதைத் தெரியாமல் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் அடுக்கி, நான்காம் நாள் மணந்து பார்த்து வெளியே கொட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: சோற்றைப் பகல் முழுதும் திறந்தபடி விட்டுவிட்டு இரவில் தண்ணீர் ஊற்றுவது பழஞ்சோறு ஆகாது. ஆறிய கையோடு தண்ணீர் விட வேண்டும். காலையில் பிசுபிசுத்தாலோ மணம் மாறினாலோ எறிந்துவிட வேண்டும்.

விறகைப் பற்றி எழுதும்போது என் சொந்தக் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து விளக்கேற்றி, பனம்பழக் களியில் துணி தோய்த்துச் சீவித்தவர்களில் நானும் ஒருத்தி. அப்படியிருந்தும் பின்னர் வீட்டைத் திருத்தியபோது, புகை வேண்டாமென்று மண் அடுப்பை நானே இடிக்கச் சொன்னேன். 2022இல் எரிவாயு இல்லாமற் போனது. சிலிண்டருக்காக விடியமுன் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினோம். அந்த ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. கிணற்றடியில் மூன்று கல்லை வைத்து ஈர விறகோடு ஒரு மணி நேரம் போராடியும் உலை கொதிக்கவில்லை. அயலிலிருந்த மூதாட்டி ஒருவர் வந்து, விறகையெல்லாம் வெளியே இழுத்துவிட்டு, அடியில் பன்னாடை, அதன்மேல் சிரட்டைத் துண்டு, அதன்மேல் பிளந்த விறகு என்று அடுக்கி ஒரே தீக்குச்சியில் மூட்டினார். உலை கொதித்து இறங்கியதும் அதே நெருப்பில் குழம்பு, பின்பு தணலில் கருவாடு, கடைசியாகச் சாம்பற் சூட்டில் குளிக்கத் தண்ணீர். அரிசியையும் பருப்பையும் முன்கூட்டி ஊறவைத்திருந்தால் விறகு இன்னும் குறைந்திருக்கும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அது எரிவாயு அடுப்புக்கும் பொருந்தும். இன்றுவரை நான் ஊறவைக்காமல் பருப்பை அடுப்பில் ஏற்றுவதில்லை.

வேலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளுவையும் பூவரசும் முள்முருங்கையும் நின்ற எங்கள் வேலிகளில் மாரி மழையோடு முசுட்டை படர்ந்தது. தூதுவளை, முடக்கொத்தான், கொவ்வை எல்லாம் காசில்லாத கறிகளாகவும் இலைக்கஞ்சிக்கு வேண்டியவையாகவும் இருந்தன. வேலி மதிலாக மாறியபோது அந்த இலைகளும் போயின. மதிலை இடிக்கும்படி யாரையும் நான் கேட்கவில்லை; அதன் ஓரத்தில் ஒரு முருங்கைக் கொப்பை நட்டால் போதும். மழைக்கு முன் நட்ட கொப்பு தளிர்த்து எழுந்தால் வாரம் இரண்டு நாள் வறைக்கு இலை கிடைக்கும்.

இவ்வளவையும் எழுதும்போது, என் மனத்தை உறுத்தும் வேறொன்றையும் மறைக்க விரும்பவில்லை. எல்லோரும் உண்டு எழுந்த பின் அம்மா கறிச்சட்டிக்குள் ஒரு பிடி சோற்றைப் போட்டு, அடியில் ஒட்டியிருந்ததை வழித்துப் பிரட்டிச் சாப்பிடுவார். அந்தச் சட்டிச் சோற்றுக்கு நாங்கள் கை நீட்டியபோதெல்லாம் சிரித்துக்கொண்டே தந்தார். சில இரவுகளில் அவருக்கென்று இருந்த உணவே அதுதான் என்பது, நானும் ஒரு குடும்பத்துக்குச் சமைக்கத் தொடங்கிய பிறகே விளங்கியது. சிக்கனம் என்ற பெயரில் ஒருத்தியின் வயிறு மட்டும் குறைவதை நான் போற்ற மாட்டேன். சமைத்ததைச் சமமாகப் பங்கிடுவதும், அந்த மூன்று பாலையும் பிழிவதில் வீட்டு ஆண்களும் கை கொடுப்பதும் இந்தப் பழக்கத்தோடு சேர்த்தே கற்பிக்கப்பட வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வாரம் ஒருமுறை, கால் பக்கம் போதும், குடாநாட்டின் முதியவர்கள் தம் வீட்டுப் பழக்கம் ஒன்றை அளவோடு சொல்லும் பகுதி ஒன்றைத் தாங்கள் தொடங்க வேண்டும். தென்மராட்சியார் பலாக்கொட்டையை மணலில் புதைத்து மாதக்கணக்கில் காத்த விதம், தீவகத்தார் கருவாட்டை உப்பிட்டு உணர்த்தும் விதம், வடமராட்சிக் கரையோரத்தில் சிறு மீனையும் நண்டையும் மரவள்ளியையும் ஒரே பானையில் இட்டு ஒடியற்கூழ் காய்ச்சும் விதம், கூழுக்கு முன் ஒடியல் மாவை எத்தனை தண்ணீரில் ஊறவைத்து வடித்துக் கசப்பைப் போக்க வேண்டும் என்ற விபரம், பனங்கிழங்கு கிண்டிய கையோடு பனங்கொட்டைக்குள் இருக்கும் பூரானைத் தின்று, ஊமல் எனப்படும் வெறுங்கொட்டையை உலர்த்தி அடுப்புக்கு எடுத்த ஒழுங்கு என்பவை எல்லாம் ஊருக்கு ஊர் வேறுபடுவன. “கொஞ்சம்”, “அளவாக” என்ற சொற்களை விட்டு, எத்தனை கோப்பை, எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம், எத்தனை பேருக்கு என்று எழுதுவித்தால்தான் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படும். மனைப்பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் அப்பகுதியை வெட்டி வகுப்பில் ஒட்டிவைக்கவும் கூடும்.

தொடக்கமாக, ஏழு பேருக்கு ஒரு தேங்காயில் காலைச் சொதி, மத்தியானப் பால்கறி, இரவுச் சம்பல் மூன்றும் செய்யும் முறையை, நானே மூன்று நாள் அளந்து சமைத்துப் பார்த்து, இரண்டு தாள்களில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். உப்பின் அளவை மட்டும் பேத்தி எழுதினாள். அவளுடைய கையெழுத்து வேறாக இருப்பதைப் பொறுத்தருளவும்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
கோண்டாவில்.